வீட்டுக் குடிநீர் வடிகட்டி: தேர்வும் பேணலும்

(தாம்பரம் வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீரைத் தெளியவைத்துக் குடிப்பது நமக்குப் புதிய வழக்கம் அன்று. கலங்கல் நீர் வந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைத்து நீரைத் தெளிய வைத்தனர் நம் பாட்டிமார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை நான்காக மடித்துக் கட்டி நீர் பிடித்தனர். மணலும் கரியும் இட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வடித்துக் குடித்த ஊர்களும் உண்டு. சென்னை நகருக்கெனக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ஆம் ஆண்டில் பெரிய மணல் வடிகட்டிகள் அமைந்தன. அன்று நகரம் முழுமைக்கும் வடிகட்டி ஓரிடத்தில் இருந்தது. அதைக் கவனிக்கப் பொறியாளரும் பணியாளரும் இருந்தனர்.

இன்று நிலைமை வேறு. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், மேடவாக்கம் எங்கணும் வீட்டுக்கு ஒரு வடிகட்டி வந்துவிட்டது. சுவரில் தொங்கியது போய், இப்பொழுது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலேயே, அலமாரிக் கதவுக்குப் பின்னால் அதை மறைத்துப் பொருத்துகின்றனர். இடம் மிச்சம், பார்வைக்கும் அழகு. ஆனால், அந்தச் சிறு நீர்நிலையத்துக்குப் பொறியாளர் யார்? அவ்வீட்டுத் தாயும் தந்தையுமே. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை அறியாமல் இருந்தால், பணமும் போகும், நீரும் போகும், உடல்நலமும் போகும். ஆதலின், எந்த நீருக்கு எந்த வடிகட்டி ஏற்றது, வாங்கியதை எவ்வாறு பேணுவது, இதில் ஊராட்சியின் பங்கு யாது என்னும் மூன்றையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

நம் பகுதியின் நீர்

தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடையில் நம் காலடியில் கிடப்பது கடும்பாறை. இவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததாதலின், தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். இப்பாறை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை உடையதன்று. மேலே சிதைந்துபோன அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலுமே நீர் தங்கும். இதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் நல்ல நீரும், அடுத்த வீட்டில் உப்பு நீரும் வருகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நெருங்க நெருங்க மண்ணும் மாறுகிறது. நீரின் சுவையும் மாறுகிறது.

இயற்கை தந்த வேற்றுமை இது. மனிதர் சேர்த்தவையும் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் நெடுங்காலம் தோல் பதனிடும் தொழில் நடந்து வந்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தமை பற்றி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பளித்தது யாவரும் அறிந்ததே. அன்றியும், பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுத் தொட்டியும் கிணறும் ஒரே மனைக்குள் சில அடி இடைவெளியில் இருக்கின்றன. கழிவுத் தொட்டியிலிருந்து கசியும் நீரோடு நைட்ரேட்டும் நோய்க் கிருமிகளும் கிணற்றைச் சென்றடையும். வயல் உள்ள ஊர்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும் நைட்ரேட்டாக அதே வழியில் இறங்கும்.

இவற்றோடு, நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எப்பொழுதும் ஒரே நீராக இருப்பதும் இல்லை. பாலாற்றுப் படுகை நீர், செம்பரம்பாக்கம் ஏரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், கோடையில் லாரி நீர் ஆகிய யாவும் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலக்கின்றன. ஐப்பசி மழைக்குப் பின் வரும் நீர் வேறு. சித்திரை வெயிலில் வரும் நீர் வேறு. எனவே, அடுத்த வீட்டார் வாங்கியதையே நாமும் வாங்குவோம் என்பது பொருந்தாது.

முதலில் சோதனை

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவார் இல்லை. நீரைச் சோதிக்காமல் வடிகட்டி வாங்குவதும் அத்தகையதே.

பேனாவைப் போன்ற சிறு கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் என்பார்கள். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை, மின்சாரம் பாயும் தன்மையைக்கொண்டு அது மதிப்பிட்டுக் காட்டும். இந்தியத் தரநிலை 10500-இன்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், 600-க்குக் குறைந்த நீர் நாவுக்கு இனியது; 1000-ஐத் தாண்டினால் சுவை குன்றும்.

ஆனால், இந்தக் கருவியை நம்பிவிட்டு நின்றுவிடலாகாது. அது உப்பின் அளவைச் சொல்லுமேயன்றி, கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. சாக்கடை கலந்த நீரிலும் உப்பு குறைவாக இருக்கக் கூடும். '150 காட்டுகிறது, ஆகவே நல்ல நீர்' என்று எண்ணிக் குடிப்பது ஆபத்து. நைட்ரேட்டு எவ்வளவு, புளோரைடு எவ்வளவு என்பதையும் அது பிரித்துக் காட்டாது.

ஆகையால், ஒருமுறையேனும் ஆய்வகத்தில் சோதித்தறிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்குரிய குப்பியை ஆய்வகத்திலிருந்தே பெற்று, நீரைப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும். அறிக்கை வந்ததும் ஐந்து வரிகளை முதலில் பாருங்கள். நைட்ரேட்டு 45-ஐத் தாண்டலாகாது. புளோரைடு 1-க்குள் இருத்தல் நலம், 1.5-ஐத் தாண்டலாகாது. கடினத்தன்மை 200-க்குள் இருத்தல் நலம். 600 வரை ஏற்கலாம். இவை யாவும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. கலங்கல் 1 அலகுக்குள் இருத்தல் நலம். ஐந்தாவது, ஈ-கோலி என்னும் குடல் கிருமி 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருத்தலாகாது.

மே மாதத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை என இரு பருவத்திலும் சோதிப்பது சிறப்பு. வெவ்வேறு நீர் கலந்து வரும் வீடுகளுக்கு இது இன்றியமையாதது.

எந்த நீருக்கு எந்த வடிகட்டி

வடிகட்டிக்குள் இருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியவை. நூலைச் சுற்றியதுபோல் இருக்கும் முதல் கார்ட்ரிட்ஜ் மண்ணையும் துருவையும் தடுக்கும். கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வாடையையும் குளோரினையும் சில ரசாயனங்களையும் ஈர்த்துக்கொள்ளும். யு.எப். என்னும் நுண்துளைச் சவ்வு கலங்கலையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும். யு.வி. என்னும் புற ஊதா விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும். இவற்றுள் எதுவும் கரைந்த உப்பையோ நைட்ரேட்டையோ நீக்காது. அதை நீக்குவது ஆர்.ஓ. சவ்வு ஒன்றே. நைட்ரேட்டு உள்ள நீரைக் கொதிக்கவைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாக ஆக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்.ஓ. சவ்வின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் உவர்நீரை நன்னீராக்கும் சவ்வைப் பயன்பாட்டுக்கு ஏற்ற வகையில் ஆக்கித் தந்தனர். 1965-இல் கோலிங்கா என்னும் ஊர் அம்முறையில் குடிநீர் பெற்றது. நம் கடற்கரையில் நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் தொடங்கப்பட்ட கடல்நீர் நிலையங்களும் இந்நெறியில் இயங்குபவையே. உவர்நீருக்கு இது பெரும் வரம். உவர் இல்லாத நீருக்கு இது வீண் செலவு.

இனித் தேர்வுக்கு வருவோம்.

நீர் தெளிவாகவும், உப்பு 500-க்குள்ளும், நைட்ரேட்டும் புளோரைடும் அளவுக்குள்ளும் இருந்தால், ஆர்.ஓ. தேவையில்லை. முதல் கார்ட்ரிட்ஜ், கரி, அதன்பின் யு.எப். அல்லது யு.வி. போதும். யு.எப். வடிகட்டிக்கு மின்சாரமும் வேண்டியதில்லை. வசதி குறைந்த குடும்பத்தார்க்கு, மெழுகுவர்த்தி போன்ற பீங்கான் குழல் வைத்த எவர்சில்வர் ஃபில்டரும், கொதிக்கவைத்து ஆற்றிய நீரும் போதுமானவை. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி மடியும்.

உப்பு 500-க்கு மேல் 2000 வரை இருந்தாலும், உப்பு குறைவாயினும் நைட்ரேட்டோ புளோரைடோ மிகுந்திருந்தாலும், ஆர்.ஓ. வேண்டும். இந்தியத் தரநிலை 16240 இவ்வகைக் கருவிகளுக்கு உரியது. அம்முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குக. 2000-க்கும் மேலே போன கிணற்று நீரை வீட்டு வடிகட்டியில் விட்டால் சவ்வு விரைவில் அடைபடும். அங்கே வேறு நீருக்கு வழி தேடுவதே அறிவுடைமை. குடத்தில் பிடித்த நீர் சற்று நேரத்தில் செம்மை பூத்தால் அதில் இரும்பு உண்டு. அதனை முன்னதாகவே தனி வடிகட்டியில் நீக்காவிடில் சவ்வு கெடும்.

சில கருவிகளில் டி.டி.எஸ். கட்டுப்படுத்தி என்று ஒரு சிறு திருகு இருக்கும். சுவைக்காக, ஆர்.ஓ. சவ்வின் வழியே செல்லாத நீரைச் சிறிதளவு கலப்பது அதன் வேலை. மூல நீரில் நைட்ரேட்டு மிகுந்திருந்தால், எந்தத் தீங்கை நீக்கப் பணம் கொடுத்தோமோ அது அந்தத் திருகின் வழியே திரும்ப வந்து சேரும். அத்தகைய நீருக்கு அதனை மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேடிக்கையும் அதன் விளக்கமும்

விற்பனைக்கு வருவோர் சிலர் ஒரு வேடிக்கை காட்டுவதுண்டு. இரு குவளைகளில் குழாய் நீரையும் வடிகட்டிய நீரையும் ஊற்றி, மின்கம்பிகள் பொருத்திய தண்டுகளை இரண்டிலும் இறக்குவர். சிறிது நேரத்தில் குழாய் நீர் செந்நிறச் சேறாகத் திரளும். மற்றது தெளிவாகவே நிற்கும். 'இத்தனை அழுக்கையா உங்கள் குழந்தைகள் குடிக்கின்றன?' என்று கேட்பர். தாய்மார்கள் அஞ்சுவது இயல்பே. உண்மை யாதெனில், அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று. நீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. பாயவே இரும்புத் தண்டு கரைந்து துருவாகத் திரள்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவாதலின் மின்சாரம் பாய்வதில்லை, தண்டும் கரைவதில்லை. நல்ல கிணற்று நீரும் இந்தச் சோதனையில் தோற்கும். ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வேடிக்கை அத்துடன் முடிந்துவிடும்.

விலையைக் கேட்கும்போதே ஓராண்டுக்கு வேண்டிய கார்ட்ரிட்ஜ், கரி, விளக்கு ஆகியவற்றின் விலையையும் கேளுங்கள். கருவியின் விலை ஒருமுறை. இவற்றின் விலை ஆண்டுதோறும். எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொது அளவுக் கார்ட்ரிட்ஜ் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

தொட்டிக்கு அடியில் பொருத்தும்போது

முதலாவது, நீரின் அழுத்தம். மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் சமையலறைக்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் அழுத்தம் 0.3 கிலோவே. ஆர்.ஓ. சவ்வுக்கு ஏறக்குறைய 4 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆதலின் கருவியுள் ஒரு சிறு மோட்டார் இருத்தல் அவசியம். அது இல்லாத கருவி மலிவாகக் கிடைத்தாலும் நம் வீடுகளில் வேலை செய்யாது.

இரண்டாவது, தனி வால்வு. கருவிக்குச் செல்லும் நீரை மூட அலமாரிக்குள்ளேயே கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு இருக்க வேண்டும். ஊருக்குச் செல்லும்போது அதை மூடிச் செல்லுங்கள். சிறு குழாய் ஒன்று கழன்றால் வீடே குளமாகும்.

மூன்றாவது, மின்சாரம். பிளக் பாயிண்ட் தரைமட்டத்தில் இருத்தல் ஆகாது. கருவியின் மட்டத்துக்கு மேலே, நீர் தெறிக்காத பக்கத்தில் அமைக்க வேண்டும். நில இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

நான்காவது, கழிவுநீர்க் குழாய். அதன் முனையைச் சாக்கடைக் குழாயின் உள்ளே செருகிவிடுகின்றனர். சாக்கடை அடைத்துக்கொண்டால் அழுக்கு நீர் பின்னோக்கி ஏறும். முனைக்கும் சாக்கடைக்கும் இடையில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தனி வாளிக்குள் விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது; அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

பேணும் முறை

மறைவிடத்தில் இருப்பதால் நாம் வடிகட்டியை மறந்துவிடுகிறோம். இதுவே தொட்டியடிக் கருவியின் பெருங்குறை. பேணாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாத நிலையைக் காட்டிலும் தீங்கானது. ஏனெனில் கரி குளோரினை நீக்கிவிடுகிறது. குளோரின் நீங்கிய நீர் கருவித் தொட்டியில் நாட்கணக்கில் தேங்கினால், கிருமிகள் பெருகத் தடை ஏதும் இல்லை. நாமோ வடிகட்டிய நீர் என்று நம்பிக் குடிக்கிறோம்.

ஆகவே, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். பொருத்திய நாள், மாற்றிய நாள், உள்ளே செல்லும் நீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் நீரின் டி.டி.எஸ். ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் அவர்களுக்கும் அது ஒரு பாடமாகும்.

முதல் கார்ட்ரிட்ஜை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கலங்கல் நீர் வரும் தெருக்களில் அதற்கு முன்னரே நிறம் மாறிவிடும். மாறினால் நாளைப் பார்த்துக் காத்திருத்தல் வேண்டா. கரியை 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். காலம் கடந்த கரி குளோரினைத் தடுக்காது. குளோரின் பட்டால் ஆர்.ஓ. சவ்வு பழுதாகும். விலை குறைந்த கரியை மாற்றாமல் விட்டு, விலை மிகுந்த சவ்வை இழப்பவர் பலர். யு.வி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறக்குறைய ஓராண்டில் அதன் கிருமி கொல்லும் ஆற்றல் குன்றும். நீல ஒளி தெரிகிறதே என்று ஏமாறலாகாது.

ஆர்.ஓ. சவ்வு நம் பகுதி நீரில் பொதுவாக 2 முதல் 3 ஆண்டு உழைக்கும். அதை மாற்றும் காலத்தைச் சொல்வது கதவில் ஒட்டிய தாளே. உள்ளே 1200, வெளியே 100 என்று தொடக்கத்தில் இருந்தால், பன்னிரண்டில் பதினொரு பங்கு உப்பை அது நீக்குகிறது. அதே 1200-க்கு வெளியே 240-ஐத் தாண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கைக்கூட நீக்கவில்லை. மாற்றும் காலம் வந்துவிட்டது. கலக்கும் திருகை மூடி வைத்து அளந்தால்தான் இக்கணக்கு சரியாக வரும். 'ஆண்டு ஆகிவிட்டது, மாற்றிவிடுவோம்' என்று பணியாளர் சொன்னாலும், 'இன்னும் ஓடும்' என்று சொன்னாலும், தாளிலுள்ள எண்ணைக் காட்டுங்கள்.

கருவியின் சேமிப்புத் தொட்டியை 3 மாதத்துக்கு ஒருமுறை காலி செய்து கழுவ வேண்டும். உறுப்புகளை மாற்றும்போது கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்வதும், மாற்ற வருபவரைக் கழுவச் சொல்வதும் முறை. புதுக் கரி போட்டபின் கருநீர் நிற்கும் வரை ஓடவிடுங்கள். புதுச் சவ்வு போட்டபின் முதல் இரண்டு தொட்டி நீரைக் குடிக்காமல் கழுவுவதற்கு உபயோகியுங்கள். இரண்டு மூன்று நாள் வெளியூர் சென்று வந்தால், தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரைப் பிடியுங்கள். அலமாரியின் அடித்தளத்தில் ஈரம் தெரிகிறதா, குழாயை எலி கடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் மாதத்தில் அரை மணி நேரம் போதும்.

விரயமாகும் நீர்

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண ஆர்.ஓ. கருவி 4 லிட்டர் நீரை வாங்கி ஏறக்குறைய 1 லிட்டரைக் குடிநீராகத் தந்து, 3 லிட்டரைக் கழித்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் வேண்டிய குடும்பம் 60 லிட்டரைக் கழிக்கிறது. அத்தகைய வீடுகள் 100 இருக்கும் தெரு நாள்தோறும் 6000 லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது. அது ஒரு லாரித் தண்ணீர். அதே தெரு சித்திரை மாதத்தில் ஒரு லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்து நிற்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது நாம் பட்ட பாட்டை மறக்க இயலுமா?

இவ்விரயத்தைக் கருதியே, 500-க்குக் குறைந்த உப்புள்ள நீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 விழுக்காட்டு நீரையேனும் மீட்கச் செய்யவும் விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் மத்திய அரசைப் பணித்தது. வாங்கும்போதே 'எத்தனை பங்கு நீர் மீளும்?' என்று கேட்டு, மிகுதியாக மீட்பதைத் தேர்க.

கழியும் நீரை வாளியில் பிடித்தால் வீடு துடைக்கவும், கழிவறைக்கும், பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் ஆகும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். உள்ளே 600 உப்புள்ள நீர் சென்றால், நான்கில் மூன்று பங்காகக் கழியும் நீரில் உப்பு ஏறக்குறைய 800 ஆகும். அதைத் தென்னைக்கு விடலாம். உள்ளே 1800 சென்றால் கழிவில் 2400 ஆகும். அதைக் கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் நாள்தோறும் விட்டால் மண் உவர்ப்பாகும். உவரின் கொடுமையை உழவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் இந்நீரை விடுவது அதனினும் பெருந்தவறு. நிலத்திலிருந்து எடுத்த உப்பைச் செறிவாக்கி அதே கிணற்றுக்குத் திருப்பி அனுப்புவதாகும் அது. தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அக்குழி மழைநீருக்கே உரியது. அதைத் தூர்வாரி வைத்தால், சில மழைக்காலங்களில் கிணற்று நீரின் உப்பு குறையும், ஆர்.ஓ.வின் தேவையே சில வீடுகளில் நீங்கவும் கூடும்.

வெள்ளக் காலம்

2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுள் புகுந்தது. அத்தகைய நாட்களில் நிலத்தடித் தொட்டிக்குள் சாக்கடை நீர் கலந்திருக்கும். அந்நீரை வடிகட்டியில் விடுதல் கூடாது. வால்வை மூடி, மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் தொட்டியை இறைத்துக் கழுவி, குளோரின் இட்டு, முதல் கார்ட்ரிட்ஜையும் கரியையும் மாற்றிய பின்னரே கருவியை ஓட்ட வேண்டும். அதுவரை காய்ச்சிய நீரே குடிக்க ஏற்றது.

ஊராட்சியின் கடமை

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீர்தான் காரணமா என்பதில் அப்பொழுது மாறுபட்ட கருத்துகள் எழுந்தன. எதுவாயினும், நீரின் தூய்மையில் ஐயம் பிறந்துவிட்டால் ஒரு பகுதி மக்கள் எத்துணைக் கலக்கம் அடைகின்றனர் என்பதை அந்நாட்கள் காட்டின. அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. வடிகட்டி வாங்க இயலாத வீடுகளும் நம் ஊரில் உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுக்குழாயே வடிகட்டி.

ஆகவே, உறுப்பினர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள். மேல்நிலைத் தொட்டியில் நாள்தோறும் குளோரின் இடப்படுகிறதா என்று பாருங்கள். 25 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம் இட்டால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். அரை மணி நேரம் விட்ட பின், கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில் 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், களச்சோதனைப் பெட்டியைக் கையாள ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் மருந்துகள் காலாவதியாகாமல் உள்ளனவா என்று கேளுங்கள். மூன்றாவதாக, கழிவுநீர்க் கால்வாயைக் கடந்து செல்லும் குடிநீர்க் குழாய்களைக் கணக்கெடுத்து, கசியும் இணைப்புகளை மழைக்கு முன்பே சீர்செய்யுங்கள்.

நான்காவதாக, மார்ச் 22, உலக நீர் நாள், இப்பொழுது கிராம சபை கூடும் நாளும் ஆகும். அன்றைய சபையில் ஊரின் ஒவ்வொரு நீராதாரத்தின் சோதனை முடிவையும் வாசித்து, அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். இன்ன தெருவில் இன்ன அளவு உப்பு என்று ஊரார் அறிந்தால், வேண்டாதவர் ஆர்.ஓ. வாங்கமாட்டார், வேண்டியவர் வாங்காமல் இருக்கமாட்டார். அந்த ஒரு தாள் நூறு குடும்பங்களின் பணத்தை மிச்சப்படுத்தும்.

நீரை அறிந்து வடிகட்டியைத் தேர்வோம். தேர்ந்ததை நாள் குறித்துப் பேணுவோம். கழியும் நீரை வாளியில் பிடிப்போம். ஊர்க் கிணற்றையும் தொட்டியையும் நம் வீட்டுக் குடத்தைப் போலவே காப்போம். வீட்டிலுள்ள வடிகட்டி கடைசிக் காவலாளி. முதற் காவலாளி ஊராட்சியே. முதற் காவலாளி விழித்திருந்தால் கடைசிக் காவலாளிக்கு வேலை குறையும் என்பதை நினைவில் கொண்டு செயலாற்றுமாறு வேண்டுகின்றோம்.